நகரி மூக்கும் நம் கைத் தேசப்படமும்

சென்னைக்குத் துறைமுகம் கட்டப்படாத காலத்தில் பாய்மரக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. வங்காள விரிகுடாவின் வழியே இந்நகரை நாடிவந்த மாலுமிகளுக்கு இக்கரை எளிதில் பிடிபடுவதில்லை. தாழ்ந்த மணற்கரையும் பனைமரங்களும் காத வழிக்கு ஒரே தோற்றமாய்க் கிடந்தன. ஆயினும் வானம் தெளிந்த நாளில் மேற்கே நோக்குவோர்க்கு, நிலத்தின் உட்புறத்தே மூக்கைப் போன்ற வடிவுடைய ஒரு சிகரம் தென்பட்டது. ஏறக்குறைய 850 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தை ஆங்கிலேய மாலுமிகள் 'நகரி மூக்கு' என்று வழங்கினர். கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உள்ளே உள்ள நகரியின் மலை, கடலில் இருந்தவனுக்கு 'நீ இன்ன இடத்தில் இருக்கிறாய்' என்று கூறிற்று.

கடலில் வந்தவனுக்கு வழிகாட்டிய அந்த மலையின் அடியிலேயே வாழும் நாம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஓரிரவு மின்சாரம் நின்று, கைப்பேசி வாய்மூடி, பாலமும் நீரில் மூழ்கிவிட்டால், எத்திசையில் மேட்டுநிலம் உள்ளது, எவ்வழி ஆற்றைக் கடவாமல் செல்கிறது என்று சொல்ல வல்லோமா? சொல்ல இயலாதாயின், நம் வீட்டில் இருக்கவேண்டிய காகிதப் படம் யாது? இக்கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம். விடை காண்பதற்கு, இந்நிலம் காகிதத்தில் எழுதப்பட்ட வரலாற்றைச் சற்று அறிதல் வேண்டும். ஒவ்வொரு படமும் ஒரு தேவையின் பொருட்டு வரையப்பட்டது; அத்தேவை எதுவென்று அறியாதவன் தனக்குரிய படத்தைத் தேர்ந்தெடுக்க இயலாது.

தேசப்படம் பொதுமக்கள் கைக்கு வருமுன்னரே இவ்வழியாக மக்கள் நடந்துகொண்டுதான் இருந்தனர். திருவேங்கடமுடையானைச் சேவிக்கச் சென்ற அடியார்கள் நகரியையும் புத்தூரையும் கடந்து சென்றனர். அவர்களுடைய தேசப்படம் நினைவிலே இருந்தது. இன்ன சத்திரத்திலிருந்து இன்ன சத்திரம், அங்கே நல்ல கிணறு, அடுத்த ஆற்றில் மழைக்காலத்தில் இறங்கலாகாது என்று மூத்தோர் கூறினர். இளையோர் நடந்து அறிந்தனர். சென்னையில் வாழ்ந்த ஏனுகுல வீராசாமி என்பார் 1830 ஆம் ஆண்டு மே மாதம் காசி யாத்திரை புறப்பட்டுத் திருப்பதி வழியாக வடக்கே சென்று, 1831 இல் திரும்பினார். அவர் தெலுங்கில் எழுதிய 'காசி யாத்திரை சரித்திரம்' வழியிலுள்ள ஊர்களையும், தங்குமிடங்களையும், பாதையின் தன்மையையும் முறையே கூறுகிறது. அதைப் போன்ற வழிநூல் ஒரு நூலிழையை ஒத்தது. இழையைப் பிடித்துச் செல்பவன் தவறான். இழை அறுந்துபோனாலோ, பக்கத்தில் என்ன உள்ளது என்பதை அவன் அறியான்.

கும்பினியாரின் படைகள் தொடக்கத்தில் வரைந்துகொண்ட படங்களும் பெரும்பாலும் இத்தகையனவே. படை நடந்த பாதையைச் சக்கரம் உருட்டி அளந்து, திசையறி கருவியால் வளைவுகளைக் குறித்து, இருமருங்கும் கண்ணுக்கு எட்டியதை எழுதினர். படை செல்லாத காட்டிலும் மலையிலும் காகிதம் வெறுமையாய் நின்றது. நமது வட்டாரம் அக்காலத்தில் போர்க்களங்களுக்கு நடுவே இருந்தது. ஐதர் அலி 1780 இல் கருநாடகத்தின்மீது படையெடுத்தார். 1782 டிசம்பர் 7 ஆம் நாள் சித்தூரை அடுத்த நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் உயிர்நீத்தார். அந்த 1782 ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் ரென்னல் தமது இந்துஸ்தானத் தேசப்படத்தை இலண்டனில் வெளியிட்டார். பல்வேறு மனிதர் பல்வேறு காலங்களில் அளந்த வழிகளையும், கடலோர அளவைகளையும், சில இடங்களின் வான அளவைகளையும் ஒன்றாகப் பொருத்திச் செய்த அரும்பணி அது. ஆயினும் வழிக்கு வழி இடையே இருந்த நிலம் பெரிதும் ஊகமாகவே நின்றது.

இக்குறையைப் போக்கும் வேலை சென்னையிலேயே தொடங்கியது என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. மைக்கேல் டாப்பிங் என்பவரின் முயற்சியால் 1794 இல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி ஏற்பட்டது. எட்டு மாணவர்களுடன் தொடங்கிய அப்பள்ளியே நாளடைவில் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரல் 10 ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஓர் அடித்தளக் கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் இட்டு அக்கோட்டை அளந்து முடிக்க 57 நாட்கள் ஆயின. வெயிலில் எஃகு நீளுமாதலின் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டனர். இத்துணைப் பொறுமை எதற்கு? ஒரு பக்கத்தின் நீளத்தை ஐயமின்றி அறிந்தால், அதன் இரு முனைகளிலிருந்து தொலைவிலுள்ள குன்றொன்றை நோக்கிக் கோணங்களை அளந்து, குன்று உள்ள தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். அவ்வாறு கிடைத்த பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடித்தளமாகும். இடையிலுள்ள நிலத்தைக் காலால் அளக்க வேண்டுவதில்லை. மலையிலிருந்து மலைக்குக் கண்ணாலேயே தாவிச் செல்லலாம்.

இவ்வாறு தாவித் தாவி லாம்டன் மேலைக் கடற்கரையிலுள்ள மங்களூர் வரை முக்கோண வலையை விரித்தார். கோணங்களை அளக்க அவர் பயன்படுத்திய பெருங்கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808 இல் அதனைத் தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் மேலேற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனந்தளராமல், பல வாரங்கள் தாமே அமர்ந்து அதனைச் சீர்செய்தார். அவர் 1823 இல் மத்திய இந்தியாவில் காலமானார்; ஜார்ஜ் எவரெஸ்ட் முதலானோர் அப்பணியை இமயம் வரை கொண்டுசென்றனர்.

இவ்வரலாற்றில் நாம் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மாலுமிக்கு ஒரு மலை, நடப்பவனுக்கு ஒரு பாதை என்றிருந்த அறிவு, முக்கோண அளவைக்குப் பின் நிலம் முழுவதற்கும் பொதுவான ஓர் அறிவாயிற்று. இன்று நாம் வாங்கும் நிலத்தோற்றத் தாளில் ஒரு சிறு முக்கோணக் குறியும் அதனருகே உயர எண்ணும் காணப்படும். அங்கே யாரோ ஒருவர் கருவியுடன் ஏறி நின்றார். கொடி பிடித்த கூலியாட்களும், கணக்கெழுதிய உதவியாளரும் உடன் ஏறினர். அவர்களுட் பலருடைய பெயர் ஏட்டில் இல்லை. அவர்களுடைய உழைப்பு மாத்திரம் அத்தாளில் இருக்கிறது.

இனி, அத்தாள்களைப் பிரித்து எண்ணிட்ட முறையைக் காண்போம். இந்திய நில அளவைத் துறை நாட்டை அட்சரேகை தீர்க்கரேகைகளின்படி கட்டம் கட்டமாகப் பிரித்தது. நான்கு பாகை நீளமும் நான்கு பாகை அகலமும் உள்ள பெருங்கட்டத்துக்கு ஓர் எண். அதனைப் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு பாகை. இவற்றுக்கு ஆங்கில எழுத்துகள். ஒரு பாகையை மீண்டும் பதினாறாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் பதினைந்து கலை. இவற்றுக்கு 1 முதல் 16 வரை எண்கள். எண்ணிக்கை மேல்வரிசையின் இடக்கோடியில் தொடங்கிக் கீழே இறங்கி, பின் அடுத்த பத்திக்கு ஏறும்.

இம்முறைப்படி சித்தூர், திருப்பதி, காளத்தி, புத்தூர், நகரி, திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் ஆகிய எல்லாம் '57 ஓ' என்னும் ஒரே பாகைத் தாளில் அடங்கும். அதனுள்ளே நகரியும் புத்தூரும் 57 ஓ/11 இல் உள்ளன. திருப்பதி 57 ஓ/6. சித்தூர் 57 ஓ/4. பள்ளிப்பட்டு 57 ஓ/7. திருத்தணி 57 ஓ/12. முற்காலத்தில் இச்சிறு தாள்கள் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் அச்சாயின. நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியபின் ஐம்பதாயிரத்தில் ஒன்று, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் என்னும் அளவு வழக்காயிற்று. நகரித் தாள் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 27 கிலோமீட்டரும், வடக்கு தெற்காக ஏறத்தாழ 28 கிலோமீட்டரும் உள்ள நிலத்தைக் காட்டும்.

இந்த எண்களிலே ஓர் அருமை மறைந்துள்ளது. 57 ஓ என்னும் கட்டம் எந்த அரசாங்கத்தையும் கேட்டு அமைந்ததன்று. நகரிக்கு இது சிறிய செய்தியன்று. ஏனெனில், இவ்வூரைச் சுற்றியுள்ள ஆட்சி எல்லைகள் மாறியதுபோல் மலையும் ஆறும் மாறவில்லை. 1911 இல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபர் 1 ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அம்மாவட்டம் திருத்தணி உள்ளிட அதனுடன் சென்றது. அதன்மேல் ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தை நாடறியும். பின்னர்ப் படாஸ்கர் தீர்ப்பு, கிராமத்தை அலகாகக் கொண்டு, மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுத்தது. 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் நகரி ஆந்திரத்தில் நின்றது. 2022 ஏப்ரல் 4 ஆம் நாள் சித்தூர் மாவட்டத்தைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டது.

எல்லை எங்கே அமையவேண்டும் என்பது பற்றி அக்காலத்தில் இருபுறத்தாரும் கொண்ட உணர்ச்சியை நாம் மதிக்கிறோம். இங்கே நாம் நோக்குவது வேறொன்று. கிராமம் கிராமமாக வகுத்த எல்லை வளைந்து நெளிந்து செல்லும். அதனை ஒட்டி வாழ்பவனுக்கு, மாநிலங்களுக்குத் தனித்தனியே அச்சிட்ட படங்கள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்ட கடிதத்தைப் போன்றவை. நாம் ஒருமுறை கடையொன்றில் வாங்கிய மாநிலச் சாலைப் படத்தை நகரியில் விரித்துப் பார்த்தோம். ஊருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் கடந்ததும் வெள்ளைக் காகிதம்! அண்டை மாநிலத்தின் ஊர் ஒன்றும் இல்லை, ஆறு ஒன்றும் இல்லை; சாலை மாத்திரம் ஓர் அம்புக்குறியாக 'சென்னைக்கு' என்று சொல்லி முடிந்தது. சுகமான பயணத்துக்கு அவ்வம்புக்குறி போதும். அச்சாலை அடைபட்டுப்போன நாளில் அந்த வெள்ளைக் காகிதத்துக்குள் எவ்வாறு நடப்பது?

நீர் எல்லை பாராது என்பதை இப்பகுதி மக்கள் அனுபவத்தில் அறிவர். நகரி ஆறு ஆந்திரத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் இறங்கிக் கொசத்தலையாற்றுடன் கலந்து, 1944 இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. பூண்டியிலிருந்து வெளிப்படும் நீர் எண்ணூருக்கருகே கடலைச் சேர்கிறது. மேலே அம்மபள்ளி அணை திறக்கப்பட்டால் கீழே பள்ளிப்பட்டுப் பக்கத்துத் தரைப்பாலங்கள் மூழ்குவதுண்டு. அணை ஒரு மாநிலத்தில், பாலம் மற்றொரு மாநிலத்தில். இரண்டையும் ஒருங்கே காட்டாத படம், வெள்ளக் காலத்தில் காரணத்தை மறைத்து விளைவை மாத்திரம் காட்டும் படமாகும்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சிகள் இரண்டை நினைவுகூர்வோம். 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் வெள்ளத்தில் அமிழ்ந்தன. மின்சாரம் நின்றது, தொலைபேசித் தொடர்புகள் பல இடங்களில் அற்றுப்போயின. 2021 நவம்பர் நடுவில் திருப்பதியில் பெய்த பெருமழையால் திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன, சுவர்ணமுகி கரைபுரண்டது. சில நாட்களில் திருப்பதிக்கு அருகேயுள்ள இராயலசெருவு என்னும் பேரேரியின் கரையில் கசிவு கண்டு, கீழுள்ள கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். ஏரிக்குக் கீழே எந்தெந்த ஊர் உள்ளது, அவ்வூரார் எத்திசையில் ஏறினால் மேடு கிட்டும் என்பவை அந்த வேளையில் உயிரைப் பற்றிய கேள்விகள். கைப்பேசிப் படம் சாதாரண நாளில் மிக நல்ல துணை. அதனை நாம் இகழவில்லை. ஆயின் அது மின்சாரத்தையும் கோபுரத்தையும் நம்பி வாழ்வது; அவை நின்றபின் அதன் துணை நிச்சயமன்று. அன்றியும், உள்ளங்கை அளவு கண்ணாடியில் பாலம் தெரிந்தால் ஏரி தெரியாது. ஏரியும் தெரியும்படி சுருக்கினால் பாலம் மறையும். மேசைமேல் விரித்த தாளில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். நால்வர் சுற்றி நின்று பேசி முடிவெடுக்கலாம்.

இனித் தேர்வு முறையைக் கூறுவோம்.

முதலாவது, சாலையைக் காட்டும் படத்தினும் நிலத்தைக் காட்டும் படத்தை முதன்மையாகக் கொள்ளவேண்டும். நிலத்தோற்றத் தாளில் பழுப்பு நிறக் கோடுகள் சம உயரக் கோடுகளாகும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்து அவை செல்கின்றன. நெருங்கி வந்தால் செங்குத்து. விலகி நின்றால் சமவெளி. ஐம்பதாயிரத்தில் ஒன்று என்னும் தாளில் பெரும்பாலும் கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். பச்சை காட்டையும், மஞ்சள் பயிர் நிலத்தையும், நீலம் நீரையும் குறிக்கும். நம் பகுதியார் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்று: ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளை இத்தாள்கள் நீலத்தில் அன்று, கறுப்புக் கோட்டில் காட்டும். நீலத்தை மாத்திரம் ஆறென்று நம்புகிறவன், கோடையில் மணலாகவும் கார்த்திகையில் காட்டாறாகவும் மாறும் ஓடையைப் பாதையென்று மயங்கக்கூடும்.

இரண்டாவது, அளவையில் இரண்டு வேண்டும். வீட்டைச் சுற்றி நடப்பதற்கு ஐம்பதாயிரத்தில் ஒன்று. தொலைதூரம் போவதற்கும், மேலே பெய்த மழை எங்கே வந்து சேரும் என்று காண்பதற்கும் இரண்டரை இலட்சத்தில் ஒன்று. நகரியார்க்கு 57 ஓ என்னும் பாகைத் தாள் ஒன்றே சித்தூர் முதல் பூண்டி வரை முழுக் கதையையும் சொல்லிவிடும்.

மூன்றாவது, தாளின் விளிம்பைப் பாருங்கள். நம் ஊர் நடுவில் அமைந்த தாள் கிடைப்பது அரிது. நகரி தன் தாளின் மேற்கு விளிம்புக்கும் தெற்கு விளிம்புக்கும் பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கிறது. ஆதலின் 11 ஐ மட்டும் வாங்கினால் போதாது. மேற்கே 7, தெற்கே 12, தென்மேற்கு மூலைக்கு 8 ஆகியவையும் உடனிருத்தல் வேண்டும். ஆபத்து, தாளின் நடுவிலே வருவதென்று உறுதி கூறியதில்லை.

நான்காவது, ஆண்டைப் பாருங்கள். அச்சான ஆண்டு வேறு, அளந்த ஆண்டு வேறு. இரண்டும் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கும். கண்டலேறு அணையிலிருந்து பூண்டிக்கு வரும் தெலுங்கு கங்கைக் கால்வாயில் 1996 இல் தமிழ்நாட்டுக்கு நீர் வந்தது. அதற்குமுன் அளந்த தாளில் அக்கால்வாய் இராது. நடந்து செல்பவனுக்குப் பெருங்கால்வாய் ஓர் ஆற்றுக்கு ஒப்பானது. பாலமுள்ள இடத்திலன்றிக் கடத்தல் அரிது. பழைய தாள் பயனற்றது என்பதன்று இதன் பொருள். மலைக்கும் பள்ளத்துக்கும் பழந்தாள் நம்பத்தகும். சாலைக்கும் கால்வாய்க்கும் மாவட்டப் பெயருக்கும் புதியது வேண்டும்.

ஐந்தாவது, பெறும் வழி. நெடுங்காலம், கடற்கரையையும் நாட்டெல்லையையும் ஒட்டிய பட்டையின் தாள்கள் பாதுகாப்பு கருதிப் பொதுமக்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. 2005 ஆம் ஆண்டுத் தேசியப் படக் கொள்கை, பொதுமக்களுக்கென்று 'திறந்த வரிசை'த் தாள்களை ஏற்படுத்தியது. அவற்றுக்கு வேறு எண்முறை உண்டு. 57 ஓ/11 என்று கேட்பவர், அட்டவணைப் படத்தைக் கொண்டு அதற்கு இணையான புதிய எண்ணை அறிந்துகொள்ள வேண்டும். 2017 முதல் நில அளவைத் துறை இத்தாள்களை இணையத்தின் வழியும் வழங்கத் தொடங்கிற்று. 2021 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கட்டுப்பாடுகளை மேலும் தளர்த்தின. தாமே அச்சிட்டுக்கொள்வோர் முழு அளவிலேயே அச்சிடவேண்டும். ஏறத்தாழ 54 சென்டிமீட்டர் அகலமுள்ள படத்தைச் சிறு தாளில் அடக்கினால், 'ஐம்பதாயிரத்தில் ஒன்று' என்று எழுதியிருப்பது பொய்யாகிவிடும். அடியில் வரைந்துள்ள கோட்டளவை மாத்திரம் படத்தோடு சேர்ந்து சுருங்குமாதலால் பொய்க்காது. எப்பொழுதும் அக்கோட்டைக் கொண்டே தூரம் அளப்பது நல்ல பழக்கம்.

இவற்றோடு, கிராமக் கணக்கில் உள்ள கிராமப் படத்தையும் ஒருமுறை பார்த்து வைப்பது நன்று. புல எண், ஏரி, புறம்போக்கு, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் அதில் நுணுக்கமாக இருக்கும். வரிக்காக வரைந்த படமாதலின் அதில் மேடு பள்ளம் தெரியாது. நிலத்தோற்றத் தாளோ மேடு பள்ளத்தைக் காட்டும். தெருவைத் தெளிவாகக் காட்டாது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும்.

வாங்கி அலமாரியில் வைத்துவிட்டால் தேசப்படம் உதவுமா? உதவாது. ஓய்வான ஒரு காலையில் வெட்டவெளிக்குக் கொண்டுபோய், படத்தின் வடக்கை நிலத்தின் வடக்கோடு பொருத்துங்கள். நம் பகுதியில் காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் மெய்வடக்குக்கும் உள்ள வேறுபாடு இரண்டு பாகைக்குள் அடங்குமாதலின், தொடக்கப் பயிற்சியில் அதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. பிறகு நகரி மூக்கை நோக்குங்கள். அச்சிகரம் உள்ள திசையைக் கருவியால் குறித்து, படத்தில் அச்சிகரத்திலிருந்து நம்மை நோக்கி அதே சாய்வில் ஒரு கோடு இழுங்கள். நாம் அக்கோட்டின்மீது எங்கோ இருக்கிறோம். இனித் தெற்கே திருத்தணி மலை தெரியுமாயின் அதிலிருந்தும் ஒரு கோடு இழுங்கள். அது அடுத்த தாளில் உள்ளதாதலின் இரு தாள்களையும் விளிம்பு சேர்த்து விரிக்க வேண்டும். கோடுகள் வெட்டும் இடமே நாம் நிற்கும் இடம். லாம்டன் செய்தது நாமறிந்த இடத்திலிருந்து அறியாத மலையைக் காண்பது. நாம் செய்வது அறிந்த மலைகளிலிருந்து அறியாத நம்மிடத்தைக் காண்பது. கணக்கு ஒன்றே.

அடுத்தபடி, பென்சிலை எடுங்கள். இருபது மீட்டருக்கு ஒரு கோடு என்னும் படம், ஐந்து மீட்டர் உயர வேறுபாட்டை அறியாது. நம் தெரு மூழ்குமா மூழ்காதா என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வல்லவர் நம் வீட்டு முதியோர். 'அவ்வாண்டு வெள்ளம் கோவில் படிவரை வந்தது. அந்தத் தரைப்பாலத்தில் முதலில் நீர் ஏறும். இந்த ஏரியின் கலிங்கு இப்பக்கம்தான் வழியும்' என்று அவர்கள் கூறுவதையெல்லாம் தாளிலேயே குறித்துவையுங்கள். மாடிக் கட்டிடமுள்ள பள்ளி, மருத்துவமனை, வற்றாத கிணறு ஆகியவற்றையும் குறியுங்கள். முன்பு சத்திரத்துத் திண்ணையில் வாய்மொழியாக வழங்கிய அந்த வழியறிவை இவ்வாறு அளவையாளரின் தாளோடு சேர்த்துவிடலாம். பிறகு தாளை மடித்து, நீர் புகாத உறையிலிட்டு, தீப்பெட்டியும் விளக்கும் இருக்கும் இடத்திலேயே வையுங்கள்.

வானொலி நேயர்களுக்கு மேலும் ஒரு பயன் உண்டு. புயல் இன்ன அட்சரேகையில் நிலைகொண்டுள்ளது, இன்ன அணையிலிருந்து இத்தனை கன அடி நீர் திறக்கப்பட்டது, கரையோர ஊர்கள் எச்சரிக்கையாக இருக்கவேண்டும் என்று மழைக்காலத்தில் செய்தி வருகிறது. படம் கைவசம் இல்லாதவனுக்கு அது வெறும் எண்ணும் ஊர்ப்பெயரும். படத்தை விரித்து வைத்துக் கேட்பவனோ, அணையிலிருந்து விரலால் கோட்டைப் பின்பற்றிச் சென்று, அந்நீர் தன் ஊருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று தானே கண்டுகொள்கிறான். மின்கலத்தால் பேசும் வானொலிப் பெட்டியும் காகிதத் தாளும் ஒருவீட்டில் சேர்ந்திருந்தால், பிற தொடர்புகள் அற்றபோதும் அவ்வீடு உலகத்தோடு தொடர்பு அறுந்ததாகாது.

முன்னொரு காலத்தில் நகரி மூக்கைக் கண்ட மாலுமி, கரை இன்னும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும்போதே தன்னிடத்தை அறிந்தான். நம்மைச் சுற்றி எல்லைக்கற்கள் இடம் மாறின; மாவட்டங்களின் பெயர் மாறிற்று; சாலைகள் அகன்றன. அந்த மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆறு பள்ளத்தை நோக்கியே ஓடுகிறது. அவ்விரண்டையும் மாநில எல்லைக்கு இப்புறமும் அப்புறமும் ஒருசேரக் காட்டும் தாளே நம் வீட்டுக்குரிய தாள். வரும் மழைக்காலத்துக்கு முன் அதனை வாங்கி, பிள்ளைகளோடு ஒருநாள் மேட்டின்மேல் ஏறி நின்று, 'அதோ மூக்கு. இதோ நாம்' என்று அவர்கள் விரல் வைத்துக் காட்டும்படி செய்வோமாக.